வாசகர் கேள்வி–பதில்: கொல்லையில் இறகுப்பந்துக் களம்

கேள்வி: கோவில்பட்டிக்கு அருகே எங்கள் வீட்டின் பின்புறம் 8 சென்ட் காலி இடம் இருக்கிறது. பிள்ளைகளுக்காக அங்கே ஷட்டில் கோர்ட் அமைக்க விரும்புகிறோம். கையில் 5 லட்சம் ரூபாய் உள்ளது. ஓர் ஒப்பந்தக்காரர் எல்லாம் சேர்த்து 4.10 லட்சம் என்று ஒரே வரியில் எழுதித் தந்தார். இன்னொருவர் மண் தோண்டுதல், கிராவல், காங்கிரீட், சிந்தெடிக் பூச்சு, விளக்கு, ஜி.எஸ்.டி. என்று பிரித்து 6.40 லட்சம் சொல்கிறார். யாரிடம் கொடுக்கலாம்?

பதில்: இருவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள். முதலாமவரின் தொகையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரவில்லை என்றால், அதற்கே இன்னும் 73,800 ரூபாய் ஆகும். மீதமுள்ள ஒன்றரை லட்சத்துச் சொச்ச வித்தியாசம் பெரும்பாலும் மண்ணுக்குள் போகும் பணமாகத்தான் இருக்கும். உங்கள் ஊரில் அதைத் தவிர்க்கக் கூடாது என்பது என் கருத்து.

உங்கள் பகுதியின் கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேல் புல்லைச் சீவிவிட்டு அதன் மேலேயே காங்கிரீட் போட்டால், இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் தளம் அங்கங்கே தூக்கி விரிசல் விடும்; பிறகு எவ்வளவு உயர்ந்த பூச்சு பூசினாலும் அந்த விரிசல் மேலே வந்துவிடும். இரட்டையர் ஆட்டத்துக்கான கோடுகள் 44 அடிக்கு 20 அடி. சுற்றிலும் ஓடி ஆட இடம் விட்டால் 60 அடிக்கு 30 அடி, அதாவது 1,800 சதுர அடி. நாலு சென்ட்டுக்குச் சற்று அதிகம். இதில் 2 அடி ஆழத்துக்குக் கரிசலை எடுத்தால் 3,600 கன அடி, அதாவது 36 யூனிட் மண் வெளியே போக வேண்டும். அந்தக் குழியை நிரப்பும் கிராவல் உருளையில் அமுங்கும் என்பதால் 36 யூனிட்டுக்கு மேலேயே வாங்க வேண்டியிருக்கும். எத்தனை அடி எடுப்பது என்பதை மண் பரிசோதனை செய்து பொறியாளர் சொல்லட்டும். கிராவலை மொத்தமாகக் கொட்டி மேலாக உருட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அரை அடிக்கு ஓர் அடுக்காகத் தண்ணீர் விட்டு உருட்டும்போது நீங்கள் கூடவே நில்லுங்கள்.

காங்கிரீட்டின் கனம் இருவர் கணக்கிலும் எவ்வளவு என்று கேளுங்கள். 4 அங்குலத்துக்கு 600 கன அடி கலவை வேண்டும். 3 அங்குலமாகக் குறைத்தால் அதில் கால் பங்கு மிச்சம், ஆனால் தளம் பலவீனமாகும். அடியில் பாலித்தீன் விரிப்பு இல்லையென்றால் ஈரம் ஏறிப் பூச்சு கொப்புளிக்கும். தண்ணீர் வடிவதற்கான வாட்டத்தை (சரிவை) நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், ஒரு பக்கமாக மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். 30 அடி அகலத்துக்கு அது மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். நம் கொத்தனார்களுக்குத் தரையைக் கண்ணாடிபோல மெழுகி முடிப்பதில் ஒரு பெருமை உண்டு. இங்கே அது வேண்டாம், வழவழப்பில் பூச்சு பிடிக்காது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, 28 நாள் கழித்த பிறகே பூச்சைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆகவே இரண்டாமவரிடமே பேசுங்கள். ஆனால் சிந்தெடிக் பூச்சையும் விளக்கையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்துவிட்டு, மீதி வேலைக்கு அளவு வாரியாக விலை கேளுங்கள். எதிர்பாராத செலவுக்கென்று 50,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். வலைக் கம்பங்களுக்கான குழாய்களையும் விளக்குக்கான வயர் குழாயையும் மட்டும் காங்கிரீட் போடுவதற்கு முன்பே பதித்துவிட வேண்டும். பிறகு உடைத்துப் பதிப்பது வீண் செலவு. கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் தளம் முழுவதும் தண்ணீர் அடித்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழிந்தும் ஒரு ரூபாய் நாணயம் மூழ்கும் அளவுக்கு எங்காவது தேங்கினால், சரிசெய்யும் வரை பணத்தை நிறுத்தி வையுங்கள்.

விளக்கு போடும்போது 200 வாட் எல்.இ.டி. நான்கை, வலையின் இரு பக்கவாட்டிலும் பிரித்து நிறுத்துங்கள். ஆடுகிறவர் முகத்துக்கு நேரே இருந்தால் கண் கூசும். தினம் 2 மணி நேரம் எரித்தால் இரண்டு மாதக் கணக்கில் 96 யூனிட் கூடும், அதுவும் உங்கள் பில்லின் உச்ச விகிதத்தில். களத்தின் நீளவாக்கு வடக்கு–தெற்காக இருக்கட்டும். காற்றையும் யோசித்துக்கொள்ளுங்கள்: கயத்தாற்றில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் ஆனி, ஆடியில் உங்கள் கொல்லையிலும் அடிக்கும். அந்த மாதங்களில் விடியற்காலையில் கொஞ்ச நேரம் ஆட முடிந்தால் அதிர்ஷ்டம். வேலையைப் பொங்கலுக்குப் பிறகு தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து கிடக்கும் குழி குளமாகிவிடும். களம் முடிந்த பிறகு ஓர் அங்குல மழைக்கே அதிலிருந்து 4,200 லிட்டருக்கு மேல் தண்ணீர் வடியும் என்பதால், தாழ்ந்த பக்கத்தில் வடிகால் வைத்து, வீட்டு அஸ்திவாரத்தை விட்டுத் தள்ளி ஓர் உறிஞ்சுகுழியில் சேருங்கள்.

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஐவர் பூப்பந்துக்கு (பால் பாட்மிண்டன்) ஒரு களம் போட வேண்டும். காங்கிரீட் அவசியமா?

பதில்: அவசியமில்லை. பூப்பந்து மண் தரையில் வளர்ந்த ஆட்டம். களம் 24 மீட்டருக்கு 12 மீட்டர் என்பதால் கோடுகளுக்கு மட்டுமே 7 சென்ட்டுக்கு மேல் வேண்டும். அவ்வளவு பரப்பில் காங்கிரீட் போடும் செலவு கட்டுப்படியாகாது. உங்கள் ஊர்க் களிமண் மழையில் காலோடு ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், மேலே நாலு அங்குலத்துக்குச் செம்மண்ணும் மணலும் கலந்து பரப்பி, தண்ணீர் தெளித்து உருட்டினால் போதும். ஆண்டுதோறும் தை மாதத்தில் மேல் மண்ணைக் கொத்திவிட்டு மீண்டும் உருட்ட வேண்டியிருக்கும். அந்தக் கூலியையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.