‘காங்கா’வின் நடுவில் ஒரு பியானோ

கேள்வி: அமெரிக்காவின் மயாமி நகரத்து இசைக்குழுவான மயாமி சவுண்ட் மெஷின், ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியதால்தானே உலகப் புகழ் பெற்றது? கல்யாணங்களில் வாசித்த குழுவாமே?

பதில்: கல்யாணக் கதை உண்மைதான். ஆங்கிலக் கதை பாதிதான் சரி.

எமிலியோ எஸ்டெஃபான் கியூபாவிலிருந்து வந்தவர். மயாமியில் பக்கார்டி மது நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே ‘மயாமி லத்தீன் பாய்ஸ்’ குழுவை நடத்தினார். 1975இல் ஒரு கல்யாணக் கச்சேரியில், விருந்துக்கு வந்திருந்த குளோரியா ஃபஹார்டோ மேடையேறிப் பாடினார். அப்புறம் அவர் குழுவில் சேர்ந்தார், குழுவின் பெயர் மயாமி சவுண்ட் மெஷின் என்று மாறியது, 1978இல் எமிலியோவையே மணந்தார். ஸ்பானிஷ் பாட்டுகளுக்கு லத்தீன் அமெரிக்காவில் அப்போதே ரசிகர்கள் உண்டு.

1984இல் ‘டாக்டர் பீட்’ என்ற ஆங்கிலப் பாட்டு ஐரோப்பாவில் நன்றாக ஓடியது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கச்சேரி. கைவசம் இருந்த ஆங்கிலப் பாட்டுகள் தீர்ந்துவிட்டன, கூட்டமோ கலையவில்லை. சரி, நம்ம ஊர்ப் பாட்டையே வாசிப்போம் என்று பழைய கியூபக் காங்கா நடன மெட்டுகளை எடுத்தார்கள். ஸ்பானிஷ் தெரியாத கூட்டம் அதற்கும் ஆடித் தீர்த்தது! அந்த அனுபவத்திலிருந்துதான் குழுவின் டிரம்மர் என்ரிக்கே கார்சியா ‘காங்கா’ என்ற ஆங்கிலப் பாட்டை எழுதினார். 1985இல் வெளியாகி, மறு ஆண்டு அமெரிக்காவில் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 10ஆம் இடம் வரை ஏறியது.

வார்த்தை ஆங்கிலம்தான். ஆனால் பாட்டின் நடுவில் வரும் பியானோவைக் கேளுங்கள். ஹெட்போனில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. வாசித்தவர் பாக்கிட்டோ எச்சவாரியா, கியூபாவில் பிறந்த மூத்த கலைஞர். டிரம்ஸ் டிஸ்கோ போலச் சீராக அடித்துக்கொண்டே போகும். பியானோ அதன் மேல் உட்காராது. இரண்டு அடிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் போய் விழும், ஒரே சொற்கட்டைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். கால் தானாக எழுவது அந்த இடத்தில்தான். ஹவானாவின் நடன அரங்குகளில் ஊறிய கை அது. அமெரிக்க வானொலிக்காக அதை வெட்டியிருந்தால் ‘காங்கா’ பத்தோடு பதினொன்றாகத்தான் போயிருக்கும் என்பது என் திடமான எண்ணம்.

1988இல் இதே குழுவின் ‘எனிதிங் ஃபார் யூ’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அது மென்மையான காதல் பாட்டு, எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அடுத்து என்ன கேட்பது என்றால், குளோரியா 1993இல் முழுக்க ஸ்பானிஷில் பாடிய ‘மி தியெர்ரா’ ஆல்பத்தைத்தான் சொல்வேன். கியூபாவின் மூத்த பாஸ் (கனத்த ஒலி தரும் பெரிய தந்திக் கருவி) மேதை கச்சாவோ அதில் வாசித்திருக்கிறார்.