பேய்ப் படங்களை இந்த அளவுக்கு கலாய்ச்சு விமர்சனம் எழுதுறீங்களே, உண்மையிலேயே உங்களுக்கு பயமே வராதா?

வரும்ங்க. நல்லாவே வரும். பயமே வராத ஆளு எழுதுற பேய்ப் பட விமர்சனத்தை நான் படிக்கிறதே இல்ல, ஏன்னா படம் எந்த இடத்துல வேலை செஞ்சுச்சு, எந்த இடத்துல சொதப்புச்சுன்னு அவருக்கே தெரியாது, மொத்தத்துக்கும் சேர்த்து மொக்கைன்னு ஒரு முத்திரையைக் குத்திட்டு கிளம்பிருவாரு. நான் கலாய்க்கிறது பேயை இல்ல. பேய் இருக்கே, அது பாத்துக்கும்ங்கிற தைரியத்துல கதை, லாஜிக், உழைப்பு எல்லாத்தையும் வீட்டுலயே வச்சுட்டு ஷூட்டிங்குக்கு வர்றாங்க பாருங்க, அவங்களைத்தான்.

முதல்ல இந்த திடுக்னு தூக்கிப் போடுற சமாச்சாரத்தை எடுத்துக்கோங்க. 1942ல கேட் பீப்பிள்னு ஒரு ஹாலிவுட் படம், தயாரிப்பாளர் வால் லூட்டன். ராத்திரி நேரம், ஒரு பொண்ணு தனியா ரோட்டோரமா நடந்து போறா, பின்னாடி இன்னொருத்தியோட ஹீல்ஸ் சத்தம் டக் டக்னு வருது, கொஞ்ச நேரத்துல அந்த சத்தம் நின்னுருது, இவ திரும்பிப் பாக்குறா, யாரும் இல்ல, வேகமா நடக்குறா, ஓடுறா, சரி இப்போ பாயப் போகுதுன்னு நாம சீட்டு நுனிக்கு வர்ற நேரத்துல உஸ்ஸுன்னு ஒரு சீறல்... பாத்தா பஸ்ஸு வந்து நிக்குது. அவ்ளோதான். அந்த மாதிரி டுபாக்கூர் பயமுறுத்தலுக்கு லூட்டன் பஸ்னே பேராயிருச்சு. ஆனா அந்த சீன்ல ரசிக்க வேண்டியது பஸ் இல்ல, பஸ் வர்றதுக்கு முன்னாடி இருக்குற அமைதி. பின்னணி இசையே கிடையாது, வெறும் செருப்பு சத்தம்தான். நம்ம ஆளுங்க பாதிப் பேரு அந்த அமைதியை அங்கேயே விட்டுட்டு பஸ்ஸை மட்டும் வாங்கிட்டு வந்துட்டாங்க. பூனை குதிக்கும், குக்கர் விசில் அடிக்கும், இல்லாட்டி ஃப்ரெண்டு பின்னாடி வந்து தோள்ல கை வைப்பான். எந்த ஃப்ரெண்டுங்க வாயத் தொறந்து டேய்னு கூப்பிடாம பத்தடி பூனை மாதிரி நடந்து வந்து தோள்ல கை வைக்கிறான்?

நான் பண்ற வேலை ரொம்ப சிம்பிள். படம் ஓடிடில இருந்தா சந்தேகமான சீனை மட்டும் ரெண்டாவது தடவை மியூட் போட்டு பாப்பேன். ஒரு பொண்ணு கையில செல்போன் டார்ச்சோட, மூச்சு வாங்கிக்கிட்டு, பீரோவை நோக்கி ரொம்ப சீரியஸா போயிட்டிருக்கும். சத்தம் இல்லாம பாத்தா அது காணாம போன ரேஷன் கார்டைத் தேடுற மாதிரிதான் இருக்கும். அப்பவே தெரிஞ்சிரும், நம்மள பயமுறுத்துனது சீன் இல்ல, ஸ்பீக்கர்னு. மியூட் போட்டும் வயித்தைக் கலக்குச்சுன்னா அந்த டைரக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு விமர்சனத்துல அந்தப் பத்தியில மட்டும் ஜோக் எதுவும் வைக்க மாட்டேன்.

படம் எப்படி எடுத்தாங்கன்னு தெரிஞ்சுக்கிறதும் சிரிப்புக்கு உதவும். 1960ல வந்த சைக்கோல பாத்ரூம் தரையில ஓடுற ரத்தம் சாக்லேட் சிரப்பு, கருப்பு வெள்ளைப் படம்ங்கிறதால யாருக்கும் தெரியல, கத்தி இறங்குற சத்தம் ஒரு வகை முலாம்பழத்தைக் குத்தி எடுத்தது. எக்ஸார்சிஸ்ட்ல அந்தப் பொண்ணு பச்சையா வாந்தி எடுக்குதே, அது பட்டாணி சூப்பு. இதெல்லாம் தெரிஞ்சும் அந்த சீனெல்லாம் பயமாத்தான் இருக்குங்கிறது வேற விஷயம்.

நம்மூர் பங்களா படங்களுக்கு இவ்ளோ ஆராய்ச்சியே தேவையில்ல, சும்மா பாத்தாலே எழுத மேட்டர் கொட்டும். சென்னையில வாடகைக்கு வீடு தேடி அலைஞ்சவனைக் கேளுங்க, பத்து மாச அட்வான்ஸ் இல்ல, வெஜ்ஜா நான்வெஜ்ஜான்னு கேள்வி இல்ல, பேச்சிலருக்கும் ஓகே, வாடகையும் பாதின்னு ஒரு புரோக்கர் சொன்னா அந்த வீட்டுல கண்டிப்பா ஏதோ இருக்குன்னு புரிஞ்சு அடுத்த பஸ்ல திரும்பி வந்துருவான். நம்ம ஹீரோ மட்டும் குடும்பத்தோட, மாமியாரோட, ரெண்டு காமெடியனோட பால் காய்ச்சப் போயிருவாரு. அடுத்தது அந்தப் பேயோட வேலைத் திட்டம். அதைக் கொன்னவன் பக்கத்து ஊருலயே ஜோரா, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, கட்சிக் கொடி போட்ட கார்ல சுத்திட்டிருப்பான், இது அவனை விட்டுட்டு ஒரு பாவமும் அறியாத சமையல்காரரை ஒரு மணி நேரம் வீடு முழுக்கத் துரத்தும். இன்டர்வெல் முடிஞ்சு ஃபிளாஷ்பேக் வந்தா பேய் ரொம்ப நல்லவங்க, கடைசியில அம்மன் பாட்டு, குங்குமம், தீச்சட்டி, சுபம். அரண்மனை 2014ல ஆரம்பிச்சு 2024க்குள்ள நாலு பார்ட் வந்தாச்சு, நானும் நாலையும் பாத்தாச்சு, அஞ்சு வந்தாலும் போவேன். கலாய்க்கிறேன்னா பிடிக்கலன்னு அர்த்தம் இல்ல.

எங்க வீட்டுல எனக்கு மேல ஒரு விமர்சகர் இருக்காங்க, எங்கம்மா. வத்தல் கிள்ளிக்கிட்டே பாப்பாங்க. செத்து முப்பது வருஷம் ஆச்சுங்கிறான், அந்த வெள்ளைச் சேலை மட்டும் எப்புட்றா இவ்ளோ வெளுப்பா இருக்கு, எந்த சோப்பு போடுறாளோன்னு ஒரு தடவை கேட்டாங்க பாருங்க, அன்னைக்கு அந்தப் படத்துல அதுக்கப்புறம் வந்த ஒரு சீனுக்கும் நான் பயப்படல. ஆனா அதே அம்மா, சின்ன வயசுல டூரிங் டாக்கீஸ்ல ஜெகன்மோகினி பாத்துட்டு, பேய் விறகுக்குப் பதிலா தன்னோட காலையே அடுப்புல வச்சு எரிக்கிற சீனை நினைச்சு நினைச்சு அடுப்படிக்கே போகலையாம். 1978 படம், விட்டலாச்சாரியா கைவண்ணம். இன்னைக்கு அதைப் போட்டுக் காட்டுனா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, சீன் முடிஞ்சதும் கேஸ் அடுப்பை ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு வர்றாங்க.

படமே காமெடிப் பேய்ப் படமா இருந்தா எனக்கு வேலை கஷ்டம். ஏற்கனவே சிரிக்க வச்சுட்டு இருக்கிறவனை நான் என்னத்தக் கலாய்க்கிறது? அங்க சீரியஸாதான் எழுதணும். காஞ்சனா (2011) ஏன் ஓடுச்சுன்னா கோவை சரளாவும் தேவதர்ஷினியும் மாமியார் மருமகளா நின்னு பயப்படுற விதம். கொழுக்கட்டை மாதிரி உருண்டு ஓடுறாங்கன்னு எழுதிட்டுப் போயிரலாம், ஆனா அது விமர்சனம் இல்ல, அவங்க டைமிங்கைப் பத்தி எழுதணும், யாரு முதல்ல கத்துறாங்க, யாரு அரை செகண்ட் லேட்டா புரிஞ்சுக்கிறாங்கன்னு. குண்டா இருக்காங்க, கருப்பா இருக்காங்க, மேக்கப் இல்லாமலே பேய் மாதிரி இருக்காங்கன்னு எழுதினா லைக் விழும்தான், எனக்கு அது வேணாம். சில பேய்ப் படமே அந்த மாதிரி ஜோக்கை வச்சுத்தான் பாதி நேரத்தை ஓட்டுது, அதைக் கண்டா மட்டும் நக்கலை நிறுத்திட்டு நேரடியாவே திட்டிருவேன்.

சிரிப்பும் பயமும் ஒரே இடத்துல உக்காந்திருக்கிற படம்னா எனக்கு யாவரும் நலம்தான், 2009, விக்ரம் குமார். புது ஃப்ளாட்டு, வீட்டுல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் மத்தியானம் ஆனா டிவி முன்னாடி ஆஜர், சீரியல் பைத்தியத்தைக் கிண்டல் பண்றாங்கன்னு நாமளும் சிரிச்சுக்கிட்டே இருப்போம். லிஃப்ட் மாதவனுக்கு மட்டும் வேலை செய்யாது, மத்தவங்க ஏறினா ஜம்முனு போகும், அதுவும் காமெடியாத்தான் ஆரம்பிக்கும். அப்புறம் அந்த சீரியல்ல நடக்குறதெல்லாம் இவங்க வீட்டுல நடக்க ஆரம்பிக்கும் பாருங்க, இவ்ளோ நேரம் எதைப் பாத்து சிரிச்சோமோ அதையேதான் காட்டுவாங்க, சிரிப்பு வராது. வெள்ளைச் சேலை இல்ல, பாழடைஞ்ச பங்களா இல்ல, இ.எம்.ஐ கட்டி வாங்கின புத்தம்புது வீடு, பளிச்சுன்னு பகல் வெளிச்சம். அந்தப் படத்தைக் கலாய்க்க நானும் முயற்சி பண்ணிப் பாத்தேன், ஒரு வரி கூட தேறல. முடிவை சொல்ல மாட்டேன், பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆனாலும் பாக்காதவன் ஒருத்தன் இருப்பான், அவன்கிட்ட இருந்து அதைப் பிடுங்கக் கூடாது.

நீங்க எழுத ஆரம்பிக்கணும்னா ஒரு டிப்ஸ் தர்றேன். படம் முடிஞ்ச கையோட ராத்திரி எழுதாதீங்க. என் போன்ல நடுராத்திரி டைப் பண்ண விமர்சனங்கள் கொஞ்சம் கிடக்கு, எல்லாத்துலயும் ஒளிப்பதிவு அருமை, பின்னணி இசை சிறப்பு, பேயாக நடித்தவருக்கு வாழ்த்துகள்னு ரொம்ப மரியாதையா இருக்கும். அந்த நேரத்துல யாரையும் பகைச்சுக்க வேணாம்னு தோணும்ல. நீங்க படிக்கிற நக்கல் எல்லாம் மறுநாள் காலையில மொட்டை மாடி வெயில்ல உக்காந்து எழுதினதுங்க.