எடைக் குறைப்பு ஆபரேஷன்: மார்கழியிலா, ஆடியிலா?

கேள்வி: எனக்கு 46 வயது. சேரன்மகாதேவி பக்கம் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 128 கிலோ. பல வருடமாகச் சுகர் இருக்கிறது, தூக்கத்தில் மூச்சடைக்கிறது, முட்டி வலியும் உண்டு. இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார் டாக்டர். உடனே என்று அவசரம் இல்லையாம், ஒரு வருடத்துக்குள் செய்தால் போதும் என்கிறார். மூன்றரை லட்சம் ஆகும். 5 லட்சத்துக்கு மெடிக்கல் பாலிசி இருக்கிறது. சுகர் இருப்பதைச் சொல்லித்தான் எடுத்தேன். வருகிற வைகாசியோடு மூன்று வருடம் முடியும்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் அப்போதே செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். முகூர்த்த மாதங்களில் செலவு போகக் கையில் 55,000 ரூபாய் நிற்கும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் 15,000 வந்தாலே பெரிது. வீட்டுக்காரி பீடி சுற்றி 5,000 கொண்டுவருகிறாள். மகள் பாளையங்கோட்டையில் காலேஜ், மகன் பிளஸ் ஒன். பாத்திரம் வாங்கிய பேங்க் கடனுக்கு 6,500 தவணை. ரிஜிஸ்டர் செய்த கம்பெனியில் ஒரு லட்ச ரூபாய் ஏலச் சீட்டு போடுகிறேன், 20 மாதச் சீட்டில் இந்தக் கார்த்திகையோடு 10 முடிந்தது. எல்லாம் சேர்த்து வீட்டுக்கு மாதம் 37,000 வேண்டும். மூன்று மாதம் படுத்துவிட்டால் என்ன செய்வது? 12 பவுன் நகை இருக்கிறது, விற்கவா, அடகு வைக்கவா? தினமும் பணம் தரும் பாலிசி ஒன்று இருக்கிறது, எடுங்கள் என்கிறார் ஒரு ஏஜென்ட். கல்யாண வீட்டுக்காரர்களிடம் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லலாமா?

பதில்: அண்ணாச்சி, முதலில் மார்கழியை விட்டுவிடுங்கள். உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை அந்தத் தேதியிலேயே இருக்கிறது.

மார்கழியில் வருமானம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இந்த ஆபரேஷன் ஒரு மாதத்தோடு முடிகிற காரியம் இல்லை. மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் இரண்டு மூன்று வாரத்தில் ஆபீசுக்கே போய்விடுவார். உங்கள் வேலை அப்படியா? சாம்பார் அண்டாவை இறக்குகிற கைக்கும் வயிற்றுக்கும் நாலு முதல் ஆறு வாரம் பாரம் ஆகாது. மார்கழி நடுவில் செய்தால் தை முழுக்க வீட்டில் இருக்க வேண்டும். வருடத்திலேயே அதிகம் சம்பாதிக்கிற மாதத்தைக் கொடுத்துவிட்டு, சும்மா இருக்கிற மாதத்தைக் காப்பாற்றி என்ன பயன்?

அதைவிடப் பெரிய விஷயம் பாலிசி. ஏற்கனவே இருக்கிற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு. இப்போதைய விதிப்படி அது அதிகபட்சம் 36 மாதம். உங்களுக்கு வைகாசியோடு அது முடிகிறது. அதற்கு முன் செய்தால் மூன்றரை லட்சமும் உங்கள் கையிலிருந்து போகிற வாய்ப்புதான் அதிகம். பாலிசி பேப்பரை எடுத்து, எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு என்று தனியாகக் காத்திருப்புக் காலமோ உச்சவரம்போ போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சில பாலிசிகளில் அதற்கு மட்டும் ஒரு தொகைக்கு மேல் தரமாட்டார்கள்.

காலம் முடிந்தாலும் சில நிபந்தனைகள் உண்டு. டாக்டர் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 40க்குக் குறையக் கூடாது. கட்டுப்படாத சுகர், கடுமையான தூக்க மூச்சடைப்பு, இதய நோய் போன்றவை இருந்து, மற்ற வழிகளில் எடை குறையாதவர்களுக்கு 35 போதும். உங்கள் எடைக்கும் உயரத்துக்கும் பிஎம்ஐ 45ஐத் தாண்டுகிறது, அதனால் அந்த விஷயத்தில் பயமில்லை. இருந்தாலும் டயட்டீஷியன் எழுதிய சீட்டு, சுகர் ரிப்போர்ட், தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். இது முன்கூட்டியே தெரிந்த ஆபரேஷன், ஆகவே அட்மிட் ஆவதற்கு முன்பே ஆஸ்பத்திரி மூலம் கம்பெனிக்கு அனுப்பி, எவ்வளவு தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். மறுத்தால், அல்லது குறைத்துக் கொடுத்தால், முதலில் கம்பெனியிடமே புகார் செய்யுங்கள். அங்கே தீராவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. அறை வாடகைக்கு உச்சவரம்பு இருந்தால் அதற்குள் உள்ள அறையையே எடுங்கள். பெரிய அறைக்குப் போனால் பல பாலிசிகளில் மற்ற பில்லையும் அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள்.

ஆக, நான் சொல்கிற தேதி ஆனியின் கடைசி முகூர்த்தம் முடிந்த கையோடு. அதற்குள் காத்திருப்புக் காலம் முடிந்திருக்கும். ஆடி முழுக்க ஓய்வு. ஆறு வாரம் முடியும்போது ஆவணி பிறந்திருக்கும், அப்போது பாதி வேலை. அடுத்து புரட்டாசி வருகிறது, உடம்பு தேற இரண்டாவது இடைவெளி. ஐப்பசியில் தீபாவளிப் பலகாரத்துக்கும் முகூர்த்தத்துக்கும் முழு ஆளாக நிற்பீர்கள். ஒன்றே ஒன்று, இந்தத் தள்ளிப்போடலை டாக்டரிடம் சொல்லி அவர் சரி என்ற பிறகே முடிவு செய்யுங்கள். மூச்சடைப்பு அதிகமாகி, இனிக் காத்திருக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டால், பணக் கணக்கு பின்னால் போகட்டும்.

இனிக் கணக்கு. மாதம் 37,000 தேவை, மதினியின் 5,000 போக 32,000. மூன்று மாதத்துக்கு 96,000. பாலிசி தராத கையுறை, சில மருந்து, போக்குவரத்து என்று ஆஸ்பத்திரிச் செலவில் 40,000 உங்கள் தலையில் விழும் என்று வைத்துக்கொள்வோம். புரோட்டீன் பவுடர், வைட்டமின், ரத்தப் பரிசோதனைக்கு மூன்று மாதத்துக்கு 15,000. மொத்தம் 1,51,000. இதுதான் உங்கள் இலக்கு, ஒன்றரை லட்சம்.

இதில் பெரும்பகுதியைச் சீட்டே கொடுக்கும். முதல் மாதங்களில் அவசரக்காரர்கள் போட்டி போட்டு, சீட்டுத் தொகையில் அதிகம் தள்ளுபடி கொடுத்து எடுப்பார்கள். கடைசிப் பக்கம் வந்தால் போட்டி குறைந்து தள்ளுபடியும் குறையும். வைகாசியில் உங்களுக்கு 16வது சீட்டு. அப்போது எடுத்தால் கமிஷனும் தள்ளுபடியும் போக 90,000 கையில் வரும் என்று கணக்கு வைக்கலாம். மீதி நாலு தவணைக்கு ஜாமீன் கேட்பார்கள், அதைச் சரிபார்க்க நாள் பிடிக்கும். அதனால்தான் ஆனி வரை காத்திராமல் வைகாசி ஏலத்திலேயே எடுக்கச் சொல்கிறேன். மிச்சம் 60,000. தை முதல் வைகாசி வரை ஐந்து மாதம், மாதம் 12,000. முகூர்த்த மாதங்களில் செலவு போக உங்களுக்கு 23,000 மிஞ்சுகிறது என்று உங்கள் கணக்கே சொல்கிறது. தனி சேவிங்ஸ் அக்கவுண்ட் ஒன்று திறந்து, ஒவ்வொரு கல்யாணக் கணக்கும் தீர்ந்த அன்றே அதில் போடுங்கள். மாதக் கடைசி வரை வைத்திருந்தால் நிற்காது.

அந்தப் பணத்தில் மூன்று மாதத் தவணையை, அதாவது 19,500 ரூபாயை, ஆபரேஷனுக்கு முன்பே பேங்க் கடன் அக்கவுண்டோடு இணைந்த கணக்கில் போட்டுவிடுங்கள். படுக்கையில் இருக்கும்போது ஒரு தவணை தவறினால் அபராதமும் விழும், சிபில் மதிப்பெண்ணும் குறையும்.

வருமானம் முழுதாக நிற்கும் என்று நீங்கள் நினைப்பதையும் நான் ஏற்கவில்லை. உங்களிடம் சொந்தப் பாத்திரம் இருக்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லை என்றாலும் நம் பக்கம் அம்மன் கோவில் கொடைத் திருவிழா இருக்கிறது, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். அண்டா, குண்டா, அடுப்பு எல்லாவற்றையும் தெரிந்த மாஸ்டர்களுக்கு வாடகைக்கு விடுங்கள். உங்களுக்கு வரும் கொடை ஆர்டர்களை உங்களோடு நெடுநாள் இருக்கிற மூத்த கையாளை முன்னிறுத்தி நடத்தலாம். லாபத்தில் அவருக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு, மளிகையில் கூடக்குறைய வந்தால் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் நல்ல மனிதர்களுக்குள்ளேயே மனத்தாங்கல் வரும். இந்த வரவை ஒன்றரை லட்சத்துக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. வந்தால் வரட்டும்.

ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஆவணிக் கல்யாணங்களுக்கு ஆனியிலும் ஆடியிலும் அட்வான்ஸ் வரும். அது உங்கள் பணம் இல்லை, அந்த வீட்டின் அரிசியும் காய்கறியும் அது. கையில் காசு இல்லாத ஆடியில் அதை எடுத்து வீட்டுச் செலவு செய்தால், ஆவணியில் மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டிவரும். பல கான்ட்ராக்ட்காரர்கள் விழுந்தது இந்த இடத்தில்தான். அதையும் தனிக் கணக்கில் போடுங்கள்.

நகையை விற்க வேண்டாம். விற்றால் செய்கூலி, சேதாரம் என்று கொடுத்தது திரும்ப வராது, மகள் கல்யாணத்துக்கு மறுபடி அதே கூலி கொடுக்க வேண்டும். அடகும் இப்போது வேண்டாம். ரத்தக் கசிவு, தையலில் கசிவு, திரும்ப அட்மிட் ஆவது போன்ற சிக்கல் அபூர்வமாக வரலாம். அதற்காகத்தான் அந்த 12 பவுன் பெட்டியில் இருக்க வேண்டும். தேவைப்பட்டால் நாலு பவுனுக்கு மேல் போகாமல், கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ வையுங்கள். மதினியின் பீடிக் கம்பெனி பிஎஃப்பில் கணவருடைய பெரிய ஆபரேஷனுக்காக முன்பணம் கேட்க வழி இருக்கிறது. அது அவர் விரல் தேயச் சேர்த்த பணம், அவருடைய முதுமைக்கு வேறு எதுவும் இல்லை. நகைக்கும் பிறகுதான் அதைத் தொட வேண்டும்.

வட்டிக்காரர் பக்கம் மட்டும் போகாதீர்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் 2017 அக்டோபரில் நம் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை இந்த ஊர் மறக்கவில்லை. மூன்று மாத வருமானத்துக்காக எந்த ஆஸ்பத்திரியும் ஆற்ற முடியாத காயத்தை வாங்காதீர்கள். மதினி பெயரில் குழுக் கடன் எடுப்பதும் வேண்டாம், வாரா வாரம் கட்ட வருமானம் இல்லாத நேரம் அது.

ஏஜென்ட் சொல்கிற தினசரிப் பணப் பாலிசி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களுக்குத்தான் தரும். நீங்கள் இருக்கப்போவது மூன்று நாள், வீட்டில் இருக்கப்போகும் ஆறு வாரத்துக்கு அதில் ஒன்றும் வராது. புதுப் பாலிசி என்பதால் காத்திருப்புக் காலமும் முதலிலிருந்து தொடங்கும். எடுக்க வேண்டாம். விபத்துப் பாலிசியும் இதற்கு உதவாது. சம்பளக்காரர்களுக்கு, மாதம் 21,000 வரை வாங்குபவர்களுக்கு, இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில், நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். சொந்தத் தொழில் செய்பவருக்கு அந்த வழி இல்லை. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பிள்ளைகளையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், நேரத்துக்குள் போட வேண்டும்.

இன்னொரு செலவைக் குறைக்க நினைக்காதீர்கள். வைட்டமின், இரும்புச்சத்து, கால்சியம், பி12 ஆகியவை இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஆயுசுக்கும் வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஆறு மாதத்தில் நிறுத்துகிறவர்கள் பின்னால் ரத்தசோகை, நரம்புத் தளர்ச்சி என்று வருகிறார்கள். புரோட்டீன் ஒரு நாளைக்கு 60 கிராமாவது போக வேண்டும். முதல் வாரங்களில் பவுடர் தேவைப்படும், அப்புறம் முட்டை, தயிர், பருப்பு என்று மாற்றலாமா என டயட்டீஷியனிடம் கேளுங்கள். சுகர் மாத்திரைச் செலவு வேகமாகக் குறைய வாய்ப்பு உண்டு. அது சந்தோஷம்தான், ஆனால் அந்த மிச்சத்தை முதல் வருடக் கணக்கில் எழுதாதீர்கள்.

உங்கள் தொழிலுக்கே உரிய இரண்டு விஷயங்கள். முதல் வாரங்களில் நீர் ஆகாரமாகத்தான் குடிக்க முடியும், அதையும் மடக்கு மடக்காக. விறகடுப்புச் சூட்டில் நின்றால் உடம்பு வறண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் டாக்டர் சம்மதித்த பிறகு ஆக்குப்புரைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை மட்டும் பாருங்கள். அடுத்தது உப்பு பார்ப்பது. பாயசமும் அல்வாவும் பதம் பார்க்கிறேன் என்று நாலு கரண்டி உள்ளே போனால் நெஞ்சு படபடத்து, மயக்கமாக வரலாம். சொதிக்கு உப்பும் எலுமிச்சையும் சரியாகச் சொல்கிற நாக்கு யாருக்கு இருக்கிறது என்று இந்தத் தையிலிருந்தே பார்த்துப் பழக்குங்கள். அந்த ஆளுக்குக் கொஞ்சம் கூலி கூட்டிக் கொடுப்பதுகூட உங்கள் வருமானத்தைக் காக்கிற செலவுதான்.

கடைசியாக, கல்யாண வீட்டில் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள், ஆவணிக்கு வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன்பே சொல்லுங்கள். என்ன ஆபரேஷன் என்ற விவரம் வேண்டாம். "வயிற்றில் ஒரு ஆபரேஷன், நான் முன்னே நின்று பார்ப்பேன், அடுப்படியில் இன்னார் நிற்பார்" என்று அந்த ஆளையும் கூடவே கூட்டிப்போய்க் காட்டுங்கள். மறைத்துவிட்டு முகூர்த்தத்தன்று நீங்கள் கரண்டி பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருட ஆர்டர் போய்விடும். ஆவணி முதல் பாதியில் 300 இலைக்கு மேல் உள்ள கல்யாணத்தை ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரிய ஆர்டர் வந்தால் ஐப்பசிக்குத் தேதி கேட்டுப் பாருங்கள், முடியாது என்றால் தெரிந்த மாஸ்டருக்குக் கைமாற்றிவிட்டுப் பாத்திர வாடகையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.