மகனின் செஸ் போட்டிகளுக்காக வைப்புநிதியை உடைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) தரும் ரேட்டிங், அதாவது ஆட்டத்திறன் புள்ளி, 1480. மாதம் ஒரு போட்டி ஆடினால்தான் முன்னேறுவான் என்கிறார் பயிற்சியாளர். போன வருடம் ஐந்து போட்டிகளுக்கே இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. இப்போது வெளிநாட்டில் நடக்கும் ஓபன் (யாரும் சேரக்கூடிய போட்டி) ஒன்றுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறோம். அவன் படிப்புக்காகப் போட்ட வைப்புநிதியை எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். உங்கள் மகனின் ஆட்டத்தைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. 1480-ல் இருக்கும் பையன் முன்னேற அந்தப் பணம் இப்போது தேவையில்லை.

போன வருடச் செலவை ஒரு தாளில் பிரித்து எழுதிப் பாருங்கள். நுழைவுக்கட்டணம் அதில் சின்னப் பங்காகத்தான் இருக்கும். கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்டம்) ஓபன் என்றால் பெரும்பாலும் 9 சுற்றுகள், நாளுக்கு ஒன்றோ இரண்டோ. ஒரு ஆட்டமே நாலு மணி நேரம் இழுக்கும். அத்தனை நாளுக்கும் அறை வாடகை, இரண்டு பேருக்குச் சாப்பாடு, போக்குவரத்து, கூடப் போகிறவர் எடுக்கும் விடுப்பு எல்லாம் சேரும். பணம் கரைவது இங்கேதான்.

அப்புறம், ஒவ்வொரு போட்டியின் மொத்தச் செலவையும் ரேட்டிங் கணக்கில் சேர்ந்த ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுங்கள். ரேட்டிங் இல்லாத எதிராளியோடு ஆடியது அந்தக் கணக்கில் வராது. 9 பேரில் 4 பேர் அப்படி அமைந்துவிட்டால், நீங்கள் செலவழித்தது 5 ஆட்டங்களுக்குத்தான். அதனால் பணம் கட்டும் முன் பதிவு செய்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். அவனைவிடக் கொஞ்சம் மேலே இருப்பவர்கள் நிறைய இருந்தால் அது நல்ல போட்டி. முன்கூட்டியே பதிவு செய்தால் பல இடங்களில் கட்டணமும் குறையும்.

இந்த வயதில் அவனுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. 18 வயதுக்குள், 2300-க்குக் கீழே இருப்பவர்களுக்கு ஃபிடே கணக்கில் கே என்ற பெருக்கெண் 40. ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறும், இறங்கும் என்பதை முடிவு செய்வது அதுதான். தனக்குச் சமமானவரை வென்றால் 20 புள்ளிகள் ஏறும். பக்கத்து ஊரில் வென்றாலும் கடல் தாண்டிப் போய் வென்றாலும் அதே 20தான். தோற்றால் இறங்குவதும் அதே வேகத்தில்தான். சரியாகத் தயாராகாமல் மாதாமாதம் ஆடுவது இதனாலேயே எனக்குப் பயமாக இருக்கிறது.

வெளிநாட்டுப் பயணம் உண்மையிலேயே தேவைப்படும் காலம் வரலாம். கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கும், குறைந்தது 27 ஆட்டங்கள் அடங்கிய நார்ம்களும் (அந்தப் பட்டத்துக்கு ஏற்ற தரத்தில் ஒரு போட்டியில் ஆடியதற்கான தகுதி) வேண்டும். நார்ம் கிடைக்க, செஸ் பட்டம் பெற்றவர்களையும் வேறு நாட்டுக்காரர்களையும் எதிர்த்து ஆட வேண்டும். அந்தக் கட்டத்துக்காக இப்போதே தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, மாதம் ஒரு சிறு தொகை போட்டு வாருங்கள். படிப்புப் பணம் படிப்புக்கே இருக்கட்டும். பரிசுத்தொகையை வரவாக எழுதவே எழுதாதீர்கள். வந்தால் அதுவும் இந்தக் கணக்குக்குப் போகட்டும்.

இந்த வருடத்துக்கு ஒரே ஒரு உச்சவரம்பு போதும். என் கணிப்பில் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்ட வேண்டாம். அந்தத் தொகையைப் பயிற்சியாளரிடமே சொல்லி, அவர் மனதில் இருக்கும் பன்னிரண்டு போட்டிகளில் அதற்குள் அடங்குபவற்றில் எவற்றை விடவே கூடாது என்று கேளுங்கள். எந்தெந்தப் போட்டி, ஏன் என்று அவர் சொல்லும் காரணங்களைக் கேட்ட பிறகு பணம் கட்டுங்கள்.