டெட்லிஃப்ட் நாளில் எந்த ரோ?

கேள்வி: வயது 34. எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். திங்கள்கிழமை முதுகு நாள். டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் எடையைப் பிடித்துத் தூக்கி நிமிர்வது) முடித்த கையோடு பார்பெல் ரோ (குனிந்து நின்று, எடை மாட்டிய நீளக் கம்பியை உடம்பை நோக்கி இழுப்பது) போடுகிறேன். இரண்டாவது செட்டிலேயே இடுப்பு பிடித்துக்கொள்கிறது, விங்ஸில் (முதுகின் பக்கவாட்டுத் தசைகள்) ஒன்றும் தெரிவதில்லை. டம்பெல் ரோவுக்கு மாறட்டுமா என்று கேட்டால், "அது புதுசா வர்றவங்க போடுறது" என்கிறார் மாஸ்டர். என்ன செய்வது?
– வாசகர், ஈரோடு

பதில்: மாறுங்கள், திங்கள்கிழமைக்கு மட்டும்.

பார்பெல் ரோவில் குனிந்த உடம்பைப் பிடித்து நிறுத்துபவை முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் தசைகளும் புட்டமும் பின்தொடையும். டெட்லிஃப்டில் உழைத்துக் களைத்ததும் அவைதான். அவை முதலில் கையை விரித்துவிடுவதால், விங்ஸுக்கு வேலை போய்ச் சேருவதற்குள் செட் முடிந்துவிடுகிறது.

டம்பெல் ரோவில் ஒரு கையையும் முழங்காலையும் பெஞ்சில் ஊன்றிவிடுவதால் இடுப்புக்குப் பெரிய சுமை இல்லை. டம்பெல்லை நெஞ்சை நோக்கித் தூக்க வேண்டாம். முழங்கை இடுப்புப் பக்கம் போகும்படி இழுங்கள். விங்ஸ் அப்போதுதான் நன்றாக வேலை செய்யும். எடையை மேலே கொண்டுவர உடம்பைத் திருப்பாதீர்கள். ஒரு பக்கத்துக்கு 8 முதல் 12 ரெப் (முறை) வரை, மூன்று செட். வலுக் குறைந்த கையில் தொடங்கி, அது எத்தனை போடுகிறதோ அத்தனையோடு மற்றதையும் நிறுத்துங்கள். புதியவர்கள் சமாச்சாரம் என்பதெல்லாம் சும்மா. கனமான டம்பெல்லை ஆடாமல் அசையாமல் பத்து முறை இழுத்துப் பார்த்தால் தெரியும்.

இதிலும் தொல்லை உண்டு. இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போடுவதால் நேரம் பிடிக்கும். எடை கூட்டுவதும் சிரமம். பார்பெல்லில் பக்கத்துக்கு ஒரு 1.25 கிலோ தட்டு போட்டால் இரண்டு கைக்கும் சேர்த்து 2.5 கிலோதான் கூடுகிறது. பல ஜிம்களில் அடுத்த டம்பெல்லுக்குப் போனால் ஒரே கைக்கு 2.5 கிலோ. அதனால் 15 ரெப் வரை ஏற்றிவிட்டு அப்புறம் அடுத்த டம்பெல்லுக்கு மாறுங்கள்.

பார்பெல் ரோவை டெட்லிஃப்ட் இல்லாத இன்னொரு நாளில் முதல் பயிற்சியாக வையுங்கள். எடையைக் குறைத்து, நன்றாகக் குனிந்து போடுங்கள். முக்கால்வாசி நிமிர்ந்து நின்று குலுக்கித் தூக்குவதை எல்லா ஜிம்மிலும் பார்க்கலாம். அதில் பாதி வேலை கழுத்தையொட்டிய தசைகளுக்குப் போய்விடுகிறது. அப்படித் தூக்கும் பழக்கம் வந்துவிட்டால் பென்ட்லே ரோ போட்டுப் பாருங்கள். அமெரிக்கப் பளுதூக்கும் பயிற்சியாளர் கிளென் பென்ட்லேயின் பெயரில் வழங்குவது. ஒவ்வொரு ரெப்பும் தரையிலிருந்தே தொடங்கும், அதனால் ஏமாற்றுவது கடினம். பார் தரையில் நிற்கும் அந்த நொடியில் இடுப்புக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

இடுப்புப் பிடிப்பு அன்றைக்கோ மறுநாளோ போய்விட்டால் பெரும்பாலும் களைப்புதான். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ இரண்டு ரோவும் வேண்டாம், டெட்லிஃப்டும் வேண்டாம். முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.