கட்டைவிரலால் மறைக்க மறைக்கப் பகா எண்

கேள்வி: என் பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள். மஞ்சள் எடை போட்ட சீட்டின் பின்பக்கம் 73939133 என்று எழுதிவிட்டு, "அப்புச்சி, கடைசி இலக்கத்தைக் கட்டைவிரலால மறைங்க, அப்புறம் அதுக்கு முந்தினதையும் மறைங்க, எங்கே நிறுத்தினாலும் மிச்சம் இருக்கிறது பகா எண்தான்" என்கிறாள். இந்த மாதிரி இதைவிடப் பெரிய எண் இல்லவே இல்லையாம். நெசந்தானுங்களா? எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்?
- ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: அத்தனையும் நெசந்தானுங்க. 73939133, 7393913, 739391, 73939, 7393, 739, 73, 7. எட்டுமே பகா எண்கள். 1ஐயும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாது. நடுவில் இருக்கும் 739ஐ நீங்களே போட்டுப் பாருங்கள். 28ஐ 28ஆல் பெருக்கினாலே 784 வந்துவிடும், அதனால் 27க்கு மேல் போக வேண்டியதில்லை; 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 என்று ஒன்பது எண்ணால் வகுத்தால் போதும், கடைசியில் 23 × 32 = 736, மீதி 3, அதோடு 739 தப்பித்துவிடும். எட்டு இலக்க எண்ணுக்கு இதே வேலையை 8598 வரை செய்ய வேண்டும். ஆயிரத்துக்கு மேல் வகுத்தல், அதைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாம்.

சரி, உறுதிக்கு வருவோம். முதல் இலக்கம் 2, 3, 5, 7 இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அதன் பின்னால் ஒட்ட முடிவது 1, 3, 7, 9 மட்டுமே, வேறு எதை ஒட்டினாலும் 2ஆலோ 5ஆலோ வகுபட்டுவிடும். அதனால் ஒன்றுவிடாமல் எழுதிப் பார்த்துவிடலாம். வம்சாவளி மாதிரிதான்: முதல் தலைமுறையில் 4 பேர், அப்புறம் 9, 14, 16, 15, 12, 8, 5. மொத்தம் 83. எட்டாவது தலைமுறையில் இருக்கும் ஐந்து பேருக்கும் வாரிசு கிடையாது. அந்த ஐந்தில் பெரியதுதான் உங்கள் சீட்டில் இருக்கிறது.

வாரிசு ஏன் இல்லை என்று பார்ப்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம். 73939133ன் இலக்கங்களைக் கூட்டினால் 38. பின்னால் 1 போட்டால் கூட்டுத்தொகை 39, 7 போட்டால் 45, இரண்டும் 3ஆல் வகுபடும் என்பதால் அந்த இரண்டு வழியும் அடைபட்டது. மிச்சம் 3ம் 9ம். 739391333, 739391339 இரண்டுமே பகு எண்கள். 100க்குள் 25 பகா எண் இருக்கிறது, நாலுக்கு ஒன்று. ஏழு கோடியைத் தாண்டினால் ஏறத்தாழ 18க்கு ஒன்றுதான். எண் நீள நீள வாரிசு கிடைப்பது அரிதாகிக்கொண்டே போகிறது.

பேத்தியை இனி இடப்பக்கத்திலிருந்து மறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கடைசி இலக்கம் மாறுவதே இல்லை, முன்னால் 1 முதல் 9 வரை எதையும் ஒட்டிப் பார்க்கலாம், அதனால் அந்த வம்சம் 24 இலக்கம் வரை போகிறது: 357686312646216567629137.

கேள்வி: 1 பகா எண் என்று எழுதியதற்கு என் மகனுக்கு மார்க் போய்விட்டது. அதுவும்தான் வேறெதாலும் வகுபடாதே?
- ஒரு தாய், காங்கேயம்

பதில்: மார்க் போனது சரிதானுங்கம்மா. 6ஐப் பகா எண்களாகப் பிரித்தால் 2 × 3, வேறு வழியே இல்லை. 1ஐயும் சேர்த்துக்கொண்டால் 1 × 2 × 3, 1 × 1 × 2 × 3 என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகலாம். எந்த எண்ணையும் ஒரே ஒரு விதமாகத்தான் பிரிக்க முடியும் என்ற சொத்தைக் காப்பாற்றத்தான் 1ஐ வெளியே வைத்திருக்கிறார்கள்.