தினமும் பத்து வார்த்தை படித்தும் ஏன் மறந்துபோகிறது?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகன் இந்த செப்டம்பரில் 7ஆம் வகுப்புக்குப் போயிருக்கிறான். 9ஆம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் சேர்க்க ஆசை, அதற்கு எஸ்.எஸ்.ஏ.டி. எழுத வேண்டும். ஆயிரம் வார்த்தைகள் கொண்ட பட்டியல் ஒன்றை வாங்கி, தினமும் பத்து வார்த்தை படிக்க வைக்கிறேன். அன்றைக்குக் கேட்டால் டக்கென்று சொல்கிறான், அடுத்த வாரம் கேட்டால் முழிக்கிறான். பள்ளியில் எழுதும் மாநிலத் தேர்விலும் வார்த்தைப் பொருள் கேள்விகளில்தான் மதிப்பெண் போகிறது. வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு தோழி. என்ன செய்யலாம்?

பதில்: தமிழைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை நிறுத்திவிடாதீர்கள்.

முதலில், நீங்கள் சொல்லும் இரண்டு தேர்வுகளும் வார்த்தையை ஒரே மாதிரி சோதிப்பதில்லை. எஸ்.எஸ்.ஏ.டி.யை அவன் அடுத்த ஆண்டு எட்டாவது படிக்கும்போது எழுதுவான். அதனால் வருவது அப்பர் லெவல் தாள். அதன் வெர்பல் பகுதியில் 30 நிமிடத்தில் 60 கேள்விகள்: 30 ஒத்த பொருள், 30 அனாலஜி (ஒரு ஜோடிச் சொற்களுக்குள் இருக்கும் அதே உறவு உள்ள இன்னொரு ஜோடியைக் கண்டுபிடிப்பது). ஒத்த பொருள் கேள்வியில் வாக்கியமே கிடையாது. தனியாக ஒரு வார்த்தை, அதன் கீழே ஐந்து விடைகள், அவ்வளவுதான். வார்த்தை தெரிந்தால் ஐந்து விநாடி போதும், தெரியாவிட்டால் ஐந்து நிமிடம் யோசித்தும் பயனில்லை. மாநிலத் தேர்வில் இதற்கு நேர்மாறு. பத்தி கண்ணெதிரே இருக்கும். ‘இந்த வார்த்தைக்கு இங்கே என்ன பொருள்?’ என்று கேட்டுவிட்டு, ‘அதைக் காட்டிக்கொடுக்கும் சொற்றொடர் எது?’ என்று இரண்டாம் பகுதியும் கேட்பார்கள். முன்னதற்கு வார்த்தைக் கையிருப்பு வேண்டும், பின்னதற்குத் துப்புத் துலக்கும் பழக்கம் வேண்டும். உங்கள் பட்டியல் முதல் வேலையில் கொஞ்சம் உதவும், இரண்டாவதில் உதவவே உதவாது.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்கட்டும். அப்பர் லெவல் தாளை எட்டாவது முதல் பதினொன்றாவது வரை படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் எழுதுகிறார்கள். அதில் உங்கள் மகனுக்குத் தெரியாத வார்த்தைகள் வரத்தான் செய்யும். பர்சன்டைல் (நூறு பேரில் எத்தனை பேரைவிட மேலே என்ற) கணக்கில் அவனை ஒப்பிடுவது அதே வகுப்புப் பிள்ளைகளோடுதான், அதனால் ஒரு வார்த்தை விடாமல் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பட்டியலை முழுதாக முடித்தே ஆக வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம்.

சரி, பத்து வார்த்தைத் திட்டம் ஏன் தேறவில்லை? பிள்ளைகள் வார்த்தை கற்பதை ஆராய்ந்த மார்கரெட் மெக்கியோன், இசபெல் பெக் ஆகியோரின் குழு 1985இல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தது. சில வார்த்தைகளைப் பிள்ளைகள் நான்கு முறை சந்தித்தார்கள், சிலவற்றைப் பன்னிரண்டு முறை. நான்கு முறை பார்த்த வார்த்தைக்குப் பொருள் சொல்ல முடிந்தது. ஆனால் அந்த வார்த்தைகள் வரும் கதையை நன்றாகப் புரிந்துகொள்ள உதவியவை பன்னிரண்டு முறை பார்த்தவைதான். உங்கள் வீட்டுக் கணக்குக்கு வாருங்கள். தினம் பத்து புதிய வார்த்தை என்றால், எல்லாவற்றையும் பன்னிரண்டு முறை சந்திக்க வைக்க நாளுக்கு 120 சந்திப்புகள் வேண்டும். கணக்கு, அறிவியல், கூடைப்பந்து எல்லாம் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையாலும் முடியாது. உங்கள் மகனின் ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை.

அகராதிப் பொருளை மட்டும் மனப்பாடம் செய்வதில் வேறு ஆபத்தும் உண்டு. உளவியலாளர் ஜார்ஜ் மில்லரும் பட்ரீசியா கில்டியாவும் 1987இல் எழுதிய கட்டுரை ஒன்றில் வேடிக்கையான உதாரணம் தருகிறார்கள். அகராதியில் ‘ஈரோட்’ என்ற வினைச்சொல்லைத் தேடிய குழந்தை, ‘ஈட் அவுட்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து, ‘அவர் ஃபேமிலி ஈரோட்ஸ் எ லாட்’ என்று எழுதியது. குடும்பமே அடிக்கடி ஓட்டலில் சாப்பிடுகிறதாம்! (நம் ஈரோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அரிப்பது என்ற பொருள் குழந்தைக்குப் போய்ச் சேரவே இல்லை. பட்டியல் மனப்பாடத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

எண்ணிக்கையைக் குறையுங்கள். வாரத்துக்கு எட்டு வார்த்தை போதும். எந்த எட்டு? பெக் குழுவினர் வார்த்தைகளை மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள். டேபிள், ரன், ஹேப்பி போன்றவை முதல் அடுக்கு, பேச்சிலேயே வந்துவிடும். ஐசோடோப், பெனின்சுலா போன்ற பாடச் சொற்கள் மூன்றாம் அடுக்கு. அந்தந்தப் பாடத்தில் கற்றுக்கொள்வான். நடுவில் இருப்பவைதான் நமக்கு வேண்டியவை: ரிலக்டன்ட், இனெவிடபிள், சட்டில், மண்டேன், டினௌன்ஸ். கதை, வரலாறு, அறிவியல் கட்டுரை எல்லாவற்றிலும் இவை தலைகாட்டும், ஆனால் சாப்பாட்டு மேசைப் பேச்சில் வராது. எஸ்.எஸ்.ஏ.டி. கேள்விகளில் பெரும்பகுதி இந்த அடுக்கிலிருந்துதான் வருகிறது.

அந்த எட்டில் நான்கை அவன் படிக்கும் புத்தகத்திலிருந்து அவனே எடுக்கட்டும். மீதி நான்கை உங்கள் பட்டியலிலிருந்து எடுங்கள், ஆனால் அகர வரிசையில் வேண்டாம். உறவுக்காரச் சொற்களாகச் சேர்த்து எடுங்கள். இந்த ஒரு மாற்றம்தான் எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தரும் என்பது என் அனுபவம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவின் காமன் கோர் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்புக்கு ஒரு வரிசை கொடுத்திருக்கிறார்கள்: ஸ்டிஞ்சி, ஸ்க்ரிம்பிங், எக்கனாமிக்கல், அன்வேஸ்ட்ஃபுல், த்ரிஃப்டி. ஐந்தும் பணத்தை இறுக்கிப் பிடிப்பதைப் பற்றியவை. ஆனால் த்ரிஃப்டி என்றால் பாராட்டு, ஸ்டிஞ்சி என்றால் திட்டு. இதை ஆங்கிலத்திலேயே விளக்கிக்கொண்டிருந்தால் பத்து நிமிடம் போகும். ‘தாத்தா சிக்கனமானவர், மாமா கஞ்சன்’ என்று சொல்லிப் பாருங்கள், உடனே சிரிப்பான். அப்புறம் ஃப்ரூகல் எந்தப் பக்கம், மைசர்லி எந்தப் பக்கம், பார்சிமோனியஸ் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் கோடு போட்டு அவனையே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பாராட்டு ஒரு முனை, திட்டு மறுமுனை. எந்த வார்த்தை எங்கே உட்காரும் என்று உங்களோடு சண்டை பிடித்தால் ரொம்ப நல்லது. அந்தச் சண்டையில் ஒரே வார்த்தை ஆறு தடவை வாயில் வந்துபோயிருக்கும். ஏழாம் வகுப்புக்கு அதே பாடத்திட்டம் தரும் வரிசை: ரிஃபைன்ட், ரெஸ்பெக்ட்ஃபுல், பொலைட், டிப்ளமேட்டிக், கண்டிசெண்டிங். அடுத்த வாரம் அதை எடுத்துக்கொள்ளலாம். ஒத்த பொருள் கேள்வியில் ஐந்து விடைகளில் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

லத்தீன், கிரேக்க வேர்களைப் படிக்கச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். நல்லதுதான். ஏழாம் வகுப்புக்குப் பாடத்திட்டமே தரும் உதாரணம் பெலிஜரன்ட், பெலிகோஸ், ரெபெல்: மூன்றிலும் போர் என்ற பொருளில் ‘பெல்’ இருக்கிறது. ஆனால் அதை நம்பி எம்பெலிஷ் என்ற வார்த்தையில் போரைத் தேடினால் கவிழ்ந்துவிடுவான். அங்கே இருப்பது அழகைக் குறிக்கும் வேறொரு ‘பெல்’. பெடஸ்ட்ரியனில் கால், பீடியாட்ரிஷியனில் குழந்தை. வேரை ஊகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும், தீர்ப்புக்கு வேண்டாம். முப்பது நாற்பது வேர்களுக்கு மேல் இந்த வயதில் தேவையில்லை.

படித்த வார்த்தை மறக்காமல் இருக்கச் சின்னச் சின்ன அட்டைகளும் அவற்றைப் போட்டுவைக்க ஒரு பெட்டியும் போதும். அட்டையின் ஒரு பக்கம் வார்த்தையும் மறுபக்கம் அகராதிப் பொருளும் எழுதுவதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். அதற்குப் பதிலாக, ஒரு பக்கம் அவனே எழுதிய வாக்கியம், வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் கோடு. மறுபக்கம் வார்த்தை, அதற்கு ஒத்த சொல் ஒன்று, எதிர்ச்சொல் ஒன்று. வாக்கியம் அவன் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். ‘மழையில் பயிற்சிக்குப் போக நான் ரிலக்டன்டாக இருந்தேன்’ என்பது போல. பெட்டியில் மூன்று பிரிவு: தினமும் பார்ப்பவை, வாரம் ஒருமுறை பார்ப்பவை, மாதம் ஒருமுறை பார்ப்பவை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பிரிவுக்குப் போகும், தவறினால் முதல் பிரிவுக்குத் திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970களில் பரப்பிய முறை இது. செயலிகளும் இதையேதான் செய்கின்றன. செயலி பிடித்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் வாக்கியத்தை அவன்தான் எழுத வேண்டும். ஒன்று மட்டும் கறார்: அட்டையைத் திருப்பும் முன் விடையை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் நீண்ட நாள் நிற்கும். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் இதை ஆய்வில் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். நாளுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

மாநிலத் தேர்வு வகைக் கேள்விக்கு வேறு பயிற்சி. அதில் பிள்ளைகள் சறுக்குவது தெரியாத வார்த்தையில் அல்ல, தெரிந்த வார்த்தையில். ‘கடற்காற்று கோடை வெயிலை டெம்பர் செய்கிறது’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்தால், டெம்பர் என்றால் கோபம் என்று பழகிய பிள்ளை கோபத்தைத் தேர்ந்தெடுத்துவிடும். அங்கே பொருள் தணிப்பது. நாவல், கிரேவ், சாம்பியன், அரெஸ்ட் எல்லாம் இதே ரகம். படிக்கும்போது இப்படி ஒரு வார்த்தை வந்தால், அதைக் கையால் மூடிவிட்டு ‘இந்த இடத்தில் வேறு எந்த வார்த்தை போட்டால் வாக்கியம் நிற்கும்?’ என்று கேளுங்கள். அவன் சொன்ன வார்த்தைக்கு ஆதாரமாகப் பத்தியில் ஒரு சொற்றொடரை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு இதுவே பயிற்சி. ஆனால் ஒரு தடவை உட்கார்ந்தால் இரண்டு வார்த்தையோடு நிறுத்துங்கள். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்திக் கேட்டால் கதைப் புத்தகத்தையே வெறுத்துவிடுவான், அது பெரிய நஷ்டம். விரிவான வார்த்தை வளம் வருவது படிப்பதிலிருந்துதான். கிரிக்கெட் கட்டுரையோ, விண்வெளியோ, துப்பறியும் கதையோ, எது வேண்டுமானாலும் இருக்கட்டும்.

அனாலஜிக்கு ஒரு வரி அறிவுரைதான். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்.ஏ.டி. இந்த வகைக் கேள்வியை 2005லேயே கைவிட்டுவிட்டது, எஸ்.எஸ்.ஏ.டி. இன்னும் விடவில்லை. டிரிசிலுக்கும் டவுன்போருக்கும் உள்ள உறவு என்ன? முன்னது லேசான மழை, பின்னது பலமான மழை. இப்படி உறவை ஒரு வாக்கியமாகச் சொல்லி முடித்த பிறகே விடைகளைப் பார்க்க வேண்டும். ப்ரீஸ் (லேசான காற்று), கேல் (பலத்த காற்று) என்ற ஜோடி அதே வாக்கியத்தில் உட்காரும், ரெயின், க்ளவுட் உட்காராது.

வீட்டுத் தமிழுக்கு வருவோம். தமிழை நிறுத்தினால் ஆங்கில வார்த்தை கூடும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. தேர்வுக்கு வேண்டிய இரண்டாம் அடுக்குச் சொற்கள் ஆங்கிலம் மட்டுமே பேசும் வீடுகளிலும் அன்றாடப் பேச்சில் வருவதில்லை, அச்சில்தான் வருகின்றன. நீங்கள் தயங்கித் தயங்கி ஆங்கிலம் பேசுவதைவிட, சரளமான தமிழில் அவனோடு வாதம் செய்வது அவன் சிந்தனைக்கு நல்லது. ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தோடு பொதுவான லத்தீன் சொற்கள் நிறைய உண்டு. எடிஃபிஸ் (கட்டடம்) என்ற வார்த்தையைப் பார்த்தால் அவர்களுக்கு அதே பொருள் தரும் ஸ்பானிஷ் சொல் எடிஃபிசியோ நினைவுக்கு வரும். அந்தச் சலுகை நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. பதிலுக்கு, பொருளின் நுணுக்கத்தை இரண்டாவது மொழியில் உரசிப் பார்க்கும் வசதி இருக்கிறது.

உங்கள் ஆயிரம் வார்த்தைப் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். பல பள்ளிகளுக்கு ஜனவரி, பிப்ரவரியில்தான் விண்ணப்பக் கெடு, ஆகவே தேர்வு பெரும்பாலும் அடுத்த ஆண்டு நவம்பர் அல்லது டிசம்பரில் இருக்கும். அடுத்த கோடை விடுமுறையில் பட்டியலை எடுத்து, தெரிந்த வார்த்தைகளை எல்லாம் அடித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். மிஞ்சியவற்றை மட்டும் உறவு பார்த்துப் பெட்டியில் சேர்க்கலாம். கூடவே தேர்வு நடத்துபவர்களே வெளியிடும் மாதிரித் தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதட்டும்.

அந்த மாதிரித் தாளில் ஒன்றைக் கவனியுங்கள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்குக் கால் மதிப்பெண் கழிவு, விட்டுவிட்டால் கழிவில்லை. ஐந்து விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு குத்தினால் சராசரியில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஒரே ஒரு விடையையாவது நிச்சயமாகத் தள்ள முடிந்தால் ஊகிப்பது லாபம். வார்த்தை பாராட்டா திட்டா என்பது மட்டும் தெரிந்தால்கூட இரண்டு விடைகளைத் தள்ளிவிடலாம். ஆனால் ஐ.எஸ்.இ.இ. என்ற இன்னொரு நுழைவுத் தேர்வையும் ஏற்கும் பள்ளிகள் உண்டு. அதில் நான்கு விடைகள்தான், கழிவும் கிடையாது, எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது. நீங்கள் நினைத்திருக்கும் பள்ளிகள் எதை ஏற்கின்றன என்று இந்த மாதமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.